ஆழித்தேரும் ஆழிப்பேரலையும்

திருவாரூரில் 'ஆழி' என்றதும் மனத்தில் எழுவது கடலன்று, தேர். பங்குனியில் நான்கு வீதிகளையும் அசைந்தசைந்து கடக்கும் தியாகேசப் பெருமானின் தேருக்கு ஆழித்தேர் என்று பெயர். அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம். திருச்சி பெல் நிறுவனத்தார் பொருத்திக் கொடுத்த இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் இருந்தும், முனை திருப்புகையில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைத்திறமையைத்தான் ஊர் நம்பியிருக்கிறது. அப்பர் தேவாரத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆழி என்றால் சக்கரம், எனவே சக்கரம் பூண்ட தேர் என்பார் ஒரு சாரார். ஆழி என்றால் கடல், கடல்போல் பெரிது என்பதால் ஆழித்தேர் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தேநீர்க் கடையில் சந்தித்துக்கொண்டால் அன்றைய பொழுது போய்விடும். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. மகிழ்ச்சியும் திருவிழாவும் வடம் பிடித்த கைகளின் காய்ப்பும் ஏறிய சொல் அது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

அந்தச் சொல்லை எடுத்து, 2004க்குப் பிறகு, ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஒன்றின் பெயருக்கு முன்னொட்டாக வைத்தார்கள். ஆழிப்பேரலை என்று. ஓசை நயமுள்ள சொல்தான். மேடைக்கும் கவிதைக்கும் தலையங்கத்துக்கும் ஏற்றது. ஆனால் நாகப்பட்டினத்து மீனவர் வாயில் இன்றுவரை அது ஏறவில்லை. அவர்கள் சொல்வது 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல். நல்ல தமிழில் அக்கறையுள்ள நண்பர்கள் பலர் இதை ஒரு குறையாகவே கருதுகிறார்கள். ஒரு ஜப்பானியச் சொல் நம் கடற்கரையில் குடியேறிவிட்டதே, அதற்குத் தமிழ் இல்லையா என்று கேட்கிறார்கள். நம் கருத்து இதற்கு மாறானது. சுனாமி என்ற சொல்லைத் தமிழ் விரட்டக்கூடாது, அது தமிழ்ச்சொல்லாகிவிட்டது என்றே நினைக்கிறோம். ஏன் என்று சற்று விரிவாகப் பேசலாம்.

முதலில் அச்சொல்லின் பிறந்த வீட்டைப் பார்ப்போம். ஜப்பானிய மொழியில் 'த்சு' என்றால் துறை, படகு கட்டும் இடம். 'நாமி' என்றால் அலை. துறையலை, அவ்வளவுதான். விஞ்ஞானி யாரும் யோசித்து வைத்த பெயரன்று. காலையில் கடலுக்குப் போன மீனவர்கள் நடுக்கடலில் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை, மாலையில் திரும்பி வந்து பார்த்தபோது துறை துடைத்தெடுக்கப்பட்டிருந்தது, ஆகவே துறையில் மட்டும் எழும் அலை என்று பெயரிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். 1611 டிசம்பர் 2ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய அழிவைப் பற்றிய குறிப்பில்தான் இச்சொல் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகிறது என்பர். அதற்கு முன்னும் பேச்சில் இருந்திருக்க வேண்டும்.

அந்த மீனவர்கள் கண்டது பிழையில்லை என்பதைப் பின்னால் வந்த இயற்பியல் சொல்லியது. கடலடித் தரை திடீரென்று உயர்ந்தோ தாழ்ந்தோ விட்டால் அதன் மேலுள்ள நீர் முழுவதும் அசைகிறது. காற்று எழுப்பும் அலையில் அசைவது மேற்பரப்பு மட்டுமே, இதிலோ அடிமுதல் நுனிவரை அசைகிறது. இதன் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது. நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர், விமான வேகம். பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்தால் 36 கிலோமீட்டர் என்று குறைந்துவிடும். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுக்கடலில் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. 2004இல் தற்செயலாக மேலே பறந்துகொண்டிருந்த ஜேசன்-1 செயற்கைக்கோள், நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக்கடல் நடுவில் அளந்த உயரம் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர், நம் முழங்காலுக்குச் சற்று மேல். இருநூறு கிலோமீட்டர் நீளத்தில் அறுபது சென்டிமீட்டர் ஏறி இறங்குவதைப் படகில் இருப்பவன் எப்படி உணர்வான்? கரைக்கு வந்ததும் முன்பகுதி வேகம் தணிய, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏற, அப்போதுதான் அது எழுகிறது. அப்போதும் பல இடங்களில் படங்களில் வரைவதுபோல் சுருண்டு விழும் அலையாக அது வருவதில்லை. கடலின் மட்டமே உயர்ந்து ஊருக்குள் நடந்து வருகிறது, பல நிமிடங்கள் வந்துகொண்டே இருக்கிறது.

இங்குதான் 'பேரலை' என்ற சொல்லின் தொல்லை. பெரிய அலை என்று கேட்ட பிள்ளை பெரிய அலையைத்தான் எதிர்பார்க்கும். அது எதிர்பார்க்க வேண்டியதோ வேறு. பல இடங்களில் முதலில் கடல் பின்வாங்கும். ஒருநாளும் காணாத தரை தெரியும், மீன்கள் துள்ளும். அடுத்து வருவது ஒன்றல்ல, இரண்டாவதோ மூன்றாவதோ முதலாவதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். பேரலை என்ற சொல்லில் இந்தச் செய்தி எதுவும் இல்லை என்பதோடு, அது தவறான படத்தையும் தருகிறது. ஆங்கிலத்தார் நெடுங்காலம் இதை 'ஓத அலை' என்ற பொருளில் வழங்கினார்கள். நிலவின் ஈர்ப்பால் வரும் ஓதத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதால் விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டு ஜப்பானியச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். துறையலை என்பதும் இலக்கணப்படி பார்த்தால் சரியில்லைதான். துறை இல்லாத கரையிலும் அது வருகிறது. ஆனால் பிற மொழிக்காரர்களுக்குப் பகுதிப்பொருள் தெரியாததால் சொல் முழுவதும் அந்த ஒரே நிகழ்வைக் குறிக்கும் பெயராக நின்றுவிட்டது. பிறமொழிச் சொல்லுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

சரி, கடல்கோள் என்ற பழஞ்சொல் நமக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இலங்கைத் தமிழர்கள் அதைக் கடற்கோள் என்று 2004க்குப் பின் நிறையவே வழங்கினார்கள். நமக்கும் அச்சொல்லின்மேல் காதல் உண்டு. கடல் கொண்டது, கொள்ளப்பட்டது என்ற வினையில் கடலுக்கு ஒரு பசியும் கையும் இருப்பதுபோல் தோன்றுகிறது. இறையனார் களவியல் உரை சங்கங்களின் கதையைச் சொல்லும்போதும், மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தின் அழிவைச் சொல்லும்போதும் கடல் இப்படித்தான் வருகிறது. ஆனால் கடல்கோள் என்பது விளைவின் பெயர், நிகழ்வின் பெயரன்று. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றதே, அதுவும் கடல்கோள்தான். புயலில் நீர் ஏறினாலும் கடல்கோள். ஒரு காலைப்பொழுதில் அரை மணி நேரத்தில் முடிந்துபோனதும் கடல்கோள். இம்மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், எதிலிருந்து எப்படித் தப்புவது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இயலாது. போதாக்குறைக்கு அச்சொல்லோடு குமரிக்கண்டத்துச் சண்டை முழுவதும் ஒட்டிக்கொண்டு வரும். 2005இல் பூம்புகாரை விழுங்கியதும் இதுதான், இலக்கியம் அன்றே சொல்லிவிட்டது என்று எத்தனை கட்டுரைகள்! பூம்புகார்க் கடலடியில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டவை உண்மை. அவை எவ்வாறு கடலுக்குள் போயின என்பது இன்னொரு கேள்வி. காவியத்தைக் காவியமாகப் படிப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

இலக்கணம் பேசுவோருக்கும் ஒரு சொல். வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை உதறிவிட்டுத் தமிழெழுத்தால் வழங்கு என்பது தொல்காப்பியர் தந்த விதி. ஜப்பானிய 'த்சு'வில் உள்ள மெய்ம்மயக்கத்தை நம் மக்கள் யாரும் சொல்லித்தராமலே உதறினார்கள். சகரம் அகர, ஐகார, ஔகாரங்களோடு மொழிக்கு முதலில் வராது என்கிறார் அவர். உகரத்தோடு வரலாம். எனவே சுனாமி என்ற வடிவம் தொல்காப்பியக் கணக்கில் 'சரி', 'சக்கரம்' ஆகிய சொற்களைவிடத் தூய்மையானது! சொல்லிறுதியும் இகரம். இச்சொல்லை வேற்றெழுத்து என்று வாசலில் நிறுத்த எந்த இலக்கணியாலும் முடியாது. (இதைப் படித்துவிட்டு, சுனாமியே தமிழ் வேரிலிருந்து போனதுதான் என்று யாரேனும் கிளம்பிவிடக் கூடாதே என்றும் அஞ்சுகிறோம். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று சுசுமு ஓனோ என்ற அறிஞர் பல்லாண்டு வாதிட்டார், நெற்பயிர்ச் சொற்களையும் பொங்கலையும்கூட ஒப்பிட்டார். பெரும்பாலான மொழியியலார் அதை ஏற்கவில்லை. அவருடைய உழைப்பின்மேல் நமக்கு மதிப்பு உண்டு, அவ்வளவே.)

ஜப்பானியச் சொல் நம் காவிரிப் படுகைக்கு வருவது இது முதல்முறையுமன்று. 1950களில் 'ஜப்பான் முறை நடவு' என்று ஊர் ஊராகக் கயிறு பிடித்து வரிசையாக நடக் கற்றுக்கொடுத்தார்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. நம் ஜி.இ.பி. 24 நெல்லையும் ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் சேர்த்து உருவாக்கிய ரகம். நோரின் என்றால் ஜப்பானில் வேளாண்மை, வனத்துறை அலுவலகத்தைச் சுருக்கிச் சொல்லும் சொல். ஒரு சர்க்கார் இலாகாவின் பெயர் நெல்லாகி நம் குறுவையில் விளைந்தது. அந்த நெல்லைத் தின்றோம். பெயரைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதனால் எழுந்த சுனாமியை வங்கக்கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகள் பதிந்தன. அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. அடுத்து 1883 ஆகஸ்டில் கிரக்கதோவா எரிமலை வெடித்தபோதும் இந்தியக் கரையின் ஓதமானிகள் அசைந்தன. அலை சிறியது, ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை, காகிதத்தில் கோடு மட்டும் விழுந்தது. கோட்டுக்குப் பெயர் இல்லை. மீனவருக்கு அதன் செய்தி போய்ச் சேரவும் இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் மக்கள் அவர்கள். கடலின் நிறம் மாறினால் சொல்லும் கண் உடையவர்கள். அவர்கள் அகராதியில் இது ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை, ஏனென்றால் அவர்களில் எவரும் இதைக் கண்டதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தரை பிளக்கத் தொடங்கியது. பிளவின் நீளம் ஆயிரத்திருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நாகைக் கரைக்கு நீர் வந்துசேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இரண்டரை மணி நேரத்தில் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் போய்வந்துவிடலாம், நடுவில் காபியும் குடிக்கலாம். அந்த அவகாசம் முழுவதும் வீணானது. பசிபிக்கடலில் இருந்த எச்சரிக்கை அமைப்பு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை என்பது பெரிய காரணம். கரையில் நின்றவர்களிடம் அதற்குரிய சொல் இல்லை என்பதும் காரணம். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்போதைய நாகை மாவட்டத்தவர். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. முதல் நாளில் ராட்சத அலை என்றும் கடல் கொந்தளிப்பு என்றும் எழுதிப் பார்த்தார்கள். ஓரிரு நாளில் சுனாமி என்ற சொல் வந்து நிலைத்தது.

இதே நாளில், நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் நடந்ததை நம்மவர்கள் போதிய அளவு பேசவில்லை. அங்கே மக்கள் தொகை எழுபதாயிரத்துக்கு மேல். அலை வந்தது நம்மைப்போல் இரண்டரை மணி கழித்தன்று, பத்து நிமிடத்துக்குள். இறந்தவர்கள் ஏழு பேர். அத்தீவில் 1907இல் ஒரு சுனாமி வந்து ஏராளமானோரைக் கொண்டுபோயிருந்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிலம் பலமாக ஆடும், கடல் வற்றும், உடனே மேட்டுக்கு ஓடு என்பது முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. 2004இல் தரை ஆடி நின்றதும் யாரோ 'ஸ்மோங்' என்று கூவ, ஊர் மலை ஏறிவிட்டது. கருவி இல்லை, வானொலி இல்லை. ஒரு சொல் வேலை செய்தது.

சொல்லைப் பற்றிய இந்த வாதத்தை வெறும் மொழித்தூய்மை வாதமாக நாம் பார்க்க இயலாததற்கு இதுவே காரணம். நாகையில், தரங்கம்பாடியில், அக்கரைப்பேட்டையில், வேதாரண்யம் பக்கத்தில் சுனாமி என்ற சொல் என்ன ஆகியிருக்கிறது என்று கவனியுங்கள். விஞ்ஞானிக்கு அது பொதுப்பெயர், உலகில் எங்கும் எப்போதும் நிகழக்கூடிய ஒன்று. கரைக்காரருக்கு அது சிறப்புப்பெயர். 'சுனாமிக்கு முந்தி', 'சுனாமியப்போ இவ கைப்புள்ள', 'சுனாமிக்கப்புறம் நாங்க இங்க வந்தோம்' என்று ஆண்டு குறிப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள், நம் தாத்தாக்கள் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்னதுபோல. சுனாமிக் குடியிருப்பு, சுனாமி வீடு என்று முகவரியாகவும் அது ஆகிவிட்டது. புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். 2018இல் இதே கரையில் ஏறிய கஜாவைக் கஜா என்று சொல்லிப் பிற புயல்களிலிருந்து பிரிக்க முடிகிறது. சுனாமிக்குத் தனிப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் வகையின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. இருபதாண்டுக்குமேல் ஒரு மக்கள் கூட்டத்தின் துக்கம் குடியிருக்கும் சொல்லை, அது ஜப்பானியம் என்பதற்காக மாற்றிக்கொள்ளச் சொல்வது எவ்வளவு பெரிய அலட்சியம்!

பாடநூலில் ஆழிப்பேரலை என்று எழுதி அடைப்புக்குறிக்குள் சுனாமி என்று போடுகிறார்கள். பிள்ளைக்குத் தேர்வுக்கு ஒரு சொல், பாட்டியின் வாயில் ஒரு சொல். பாட்டி சொல்வது முடிந்துபோன ஒரு நாளைப் பற்றி, புத்தகம் சொல்வது எங்கோ நடக்கும் இயற்கை நிகழ்வைப் பற்றி என்று அது பிரித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றே, பாட்டிக்கு நேர்ந்தது மறுபடியும் நேரக்கூடியது என்ற செய்தி அந்த அடைப்புக்குறியில் சிக்கி நின்றுவிடுகிறது. நம் அச்சமெல்லாம் இதுதான். சிமெலுவேயில் நினைவும் அறிவும் ஒரே சொல்லில் இருந்தன. நாம் வேலை மெனக்கெட்டு அவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பானியர்களும் தங்கள் சொல்லைச் சும்மா வைத்திருக்கவில்லை. சன்ரிக்குக் கடற்கரையில் 'சுனாமி தெந்தென்கோ' என்றொரு வழக்கு உண்டு. சுனாமி வந்தால் அவரவர் தனித்தனியே ஓடு, உறவைத் தேடி நிற்காதே என்பது பொருள். கேட்கக் கல்நெஞ்சாகத் தோன்றும். தாயைத் தேடிப் பிள்ளையும் பிள்ளையைத் தேடித் தாயும் கரைக்கே திரும்பி ஓடி இருவரும் மடிந்த குடும்பங்களின் அனுபவத்திலிருந்து வந்தது. இதைப் பயிற்றுவிக்கப்பட்ட கமாய்ஷி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ மூவாயிரம் பேர் 2011 மார்ச் 11இல் உயிர் பிழைத்தார்கள். அனெயோஷி என்ற சிற்றூரில், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று முன்னோர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2011இல் நீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. கோயில் சுவரெல்லாம் நிலதானமும் விளக்குக்கு ஆடும் எழுதிவைத்த சோழநாட்டுக்காரர்களான நமக்கு இந்தக் கல்வெட்டின் அருமை எளிதில் புரியும்.

நெல்லோடு தொடர்புடைய ஒரு கதையையும் சொல்லிவிடுகிறோம். 1854இல், இன்று வகயாமா எனப்படும் பகுதியில், ஹிரோ என்ற கடலோரக் கிராமம். ஹமாகுச்சி கொர்யோ என்ற சோயாச்சாறு வணிகர் அங்கே இருந்தார். நிலம் ஆடி, முதல் அலை வந்து, இருட்டும் சூழ்ந்துவிட்டது. வழி தெரியாமல் தத்தளித்தவர்களுக்கு மேட்டின் திசை தெரிய, வயலில் இருந்த போர்களுக்குத் தீ வைத்தார். லஃப்காடியோ ஹெர்ன் 1897இல் ஆங்கிலத்தில் இதை எழுதியபோது கதையை ஒரு பிடி ஏற்றினார்: அலை வருமுன்பே, அறுத்து அடுக்கிய தன் ஆண்டு முழுவதன் விளைச்சலையும் கிழவர் கொளுத்திவிடுகிறார், தீயை அணைக்க மலைமேல் ஓடிவந்த ஊர் அதனாலேயே பிழைக்கிறது. சுனாமி என்ற சொல் ஆங்கில வாசகருக்கு அறிமுகமானதில் இந்தக் கதைக்குப் பங்குண்டு. ஜப்பானியப் பள்ளிப் புத்தகங்களிலும் பின்னர் இது பாடமாயிற்று. நமக்கென்னவோ ஹெர்ன் சொன்னதைவிட நிஜ ஹமாகுச்சியைத்தான் பிடித்திருக்கிறது. தீ வைத்ததோடு அவர் நிற்கவில்லை. வாழ்விழந்த ஊர்க்காரர்களுக்கே கூலி கொடுத்து ஐந்து மீட்டர் உயரமும் அறுநூறு மீட்டர் நீளமும் உள்ள அணைக்கரையை நான்காண்டில் எழுப்பி முடித்தார். 1946இல் மறுபடியும் சுனாமி வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அது காத்தது. அவர் தீ வைத்த நாளைக் கணக்கிட்டே நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015இல் அறிவித்தது. ஏறி ஓட மேடு என்று ஒன்று இல்லாத தட்டைநிலம் நம்முடையது. போர் கொளுத்தி அழைத்தாலும் எங்கே போவது என்ற கேள்வி நமக்கு உண்டு.

அன்றாட வழக்கில் சொல் மலினப்படுவதும் அங்கே நடந்ததுதான். 2000ஆம் ஆண்டில் சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் என்ற இசைக்குழு 'சுனாமி' என்ற பெயரில் ஒரு காதல் பாடல் வெளியிட்டது. இலட்சக்கணக்கில் விற்றது, நாடே பாடியது. 2011க்குப் பிறகு வானொலிகள் அதை ஒலிபரப்பத் தயங்கின. யாரும் தடை போடவில்லை. சொல்லில் திரும்பவும் நீர் ஏறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம்மிடம் அந்தக் கூச்சம் இல்லை. வசூல் சுனாமி, வாக்குச் சுனாமி, தள்ளுபடிச் சுனாமி என்று எழுதுகிறார்கள். ஆறாயிரம் பேரைப் புதைத்த மாவட்டத்தில் ஒட்டப்படும் சுவரொட்டியிலும் அப்படி எழுத மனம் வருகிறது. தூய தமிழ் வேண்டுவோர் தங்கள் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பினால் நாமும் உடன் வருவோம்.

2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடல் ஆடியபோது தமிழகக் கரையில் மக்கள் கடலைவிட்டு அகன்றார்கள். தரை பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் அது என்பதால் பெரிய அலை வரவில்லை. ஒருவரை ஒருவர் எச்சரிக்க அன்று கரையில் ஓடிய சொல் 'சுனாமி'தான். 'ஆழிப்பேரலை வருகிறது, ஓடுங்கள்' என்று ஒருவர் கூவுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தூரம் ஓடியிருக்கலாம்.

ஆழிப்பேரலையைக் கவிஞர்கள் வைத்துக்கொள்ளட்டும், கடல்கோளைக் காவியம் படிக்கிறவர்கள் வைத்துக்கொள்வோம். ஆழியைத் திருவாரூருக்கு விட்டுவிடுங்கள். அகராதி தொகுக்கிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: அடைப்புக்குறியை எடுத்துவிட்டு இச்சொல்லுக்கு நேரான பதிவு கொடுங்கள். நம் பரிந்துரை இது.

சுனாமி, பெயர்ச்சொல். 1. கடலடித் தரை திடீரென அசைவதால் எழுந்து, நடுக்கடலில் தெரியாமல் வந்து, கரையில் உயர்ந்து ஊருக்குள் பாயும் நீர், பலமுறை வரும், வருமுன் கடல் உள்வாங்கக்கூடும், உள்வாங்கினால் பார்க்கப் போகாமல் உடனே கரையைவிட்டு ஓட வேண்டும். 2. (சோழமண்டலக் கடற்கரை வழக்கு) 2004 டிசம்பர் 26.